‘போர்டு போய்விட்டது’ என்று முடிவு கட்டுவதற்கு முன்

நீங்கள் கேட்டது இது: வீட்டைச் சூடாக்கி வெந்நீரும் தரும், எட்டு ஆண்டு பழைய கேஸ் பாய்லர். சூடு கேட்டதும் விசிறி சுற்றுகிறது, டிக் டிக் என்று பொறி அடிக்கிறது, அடுப்பு பற்றுகிற சத்தமும் கேட்கிறது. நான்கைந்து விநாடிகளில் அணைந்துவிடுகிறது. மூன்று முறை இப்படி முயன்றுவிட்டு, சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடுகிறது. வந்து பார்த்தவர் ஐந்து நிமிடத்தில் “போர்டு போய்விட்டது, புதியது போட வேண்டும்” என்றார். அது உண்மையா, பாய்லரைக் கட்டுப்படுத்தும் அந்த மின்னணுப் போர்டில் அப்படி என்னதான் இருக்கிறது, அதைப் பழுது பார்க்க முடியாதா என்பவை உங்கள் கேள்விகள். கடைசி வரியில், போகிற போக்கில், போன மாதம் பாய்லர் இருக்கும் சுவரில் வயரிங் வேலை நடந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் போர்டு பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. ஏன் என்று விளங்க, அந்தப் போர்டு என்ன வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பாய்லரின் எரியறை மூடி, கேஸ் வால்வு, புகைக்குழாய் ஆகியவற்றில் உரிமம் பெற்ற கேஸ் பணியாளர் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது. பல நாடுகளில் அது சட்டம். சட்டம் இல்லாத இடத்திலும் கார்பன் மோனாக்சைடு இருக்கத்தான் செய்கிறது. போர்டைப் பொறுத்தவரை, பிளக்கைப் பிடுங்கிவிட்டால் மட்டும் போதாது. 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கிச் சேமிக்கும் பெரிய மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும். போர்டு நன்றாக இருக்கும்போது அது சில விநாடிகளில் வடிந்துவிடும். போர்டின் மின்வழங்கி செத்துக் கிடக்கும்போதுதான் அதை வடிக்க ஆள் இல்லாமல் நெடுநேரம் அப்படியே காத்திருக்கும். பழுதான போர்டுதான் அதிகம் கடிக்கும் என்பது இந்தத் தொழிலில் விரல் சுட்டுக் கற்றுக்கொள்கிற பாடம்.

இனி போர்டுக்கு வருவோம். மின்சாரம் உள்ளே நுழையும் மூலையில் ஒரு சிறிய ஃபியூஸ் இருக்கும். கண்ணாடிக் குழாயாகவோ, பீங்கான் குழாயாகவோ, சில ஆம்பியர் அளவில். அதை ஒட்டி நீல நிறத்திலோ கறுப்பு நிறத்திலோ பொட்டு போல ஒரு வட்டத் துண்டு நிற்கும். அது வேரிஸ்டர். மின்னழுத்தம் அளவு மீறி எகிறும்போது அது தன் வழியாக மின்சாரத்தைப் பாயவிட்டு, ஃபியூஸை எரியவைத்து, மற்றவற்றைக் காப்பாற்றும். அதன் பிறகு மின்வழங்கிப் பகுதி. பழைய போர்டுகளில் கனமான டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. இப்போது கைபேசி சார்ஜருக்குள் இருப்பது போன்ற ஸ்விட்சிங் சுற்று. அது 24 அல்லது 12 வோல்ட்டை, மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சுகளான ரிலேக்களுக்கும், 5 அல்லது 3.3 வோல்ட்டை, மைக்ரோகன்ட்ரோலர் என்ற சிறு கணினிச் சிப்புக்கும் கொடுக்கிறது.

மைக்ரோகன்ட்ரோலர்தான் மூளை என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது கறாரான ஒரு கேட் காவலாளியாகத்தான் தோன்றும். தானாக எதையும் செய்யாது. ஒவ்வொரு படியிலும் சீட்டு கேட்கும், சீட்டு வராவிட்டால் கதவைச் சாத்திவிடும். கேஸ் எரிப்பான்களைக் கட்டுப்படுத்தும் இத்தகைய கருவிகளுக்கென்று ஐரோப்பாவில் ‘இ.என். 298’ என்ற தரநிலையே இருக்கிறது. சந்தேகம் வந்தால் அணை, அணைத்தபின் பூட்டிக்கொள், மனிதர் வந்து ரீசெட் அழுத்தும் வரை அசையாதே என்பது இந்தப் போர்டுகளின் வளர்ப்பு. ஆகவே சிவப்பு விளக்கு எரிகிறது என்றால் போர்டு தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். செத்த போர்டுக்கு விளக்கு எரியவைக்கக்கூடத் தெம்பு இருக்காது.

காவலாளி கேட்கும் சீட்டுகளை வரிசையாகத் தெரிந்துகொண்டால் பாதிப் பழுதுபார்ப்பு முடிந்தது. அறைத் தெர்மோஸ்டாட் சூடு கேட்கிறது, அல்லது வெந்நீர்க் குழாய் திறந்ததை ஓட்ட உணரி சொல்கிறது. போர்டு முதலில் தண்ணீர் அழுத்தம் போதுமா, வெப்ப உணரிகள் நம்பத்தக்க அளவைக் காட்டுகின்றனவா, சுடர் ஏற்கெனவே தெரிகிறதா என்று பார்க்கிறது. சுடர் இருக்கக் கூடாத நேரத்தில் சுடர் தெரிந்தால் அதுவும் பழுதுதான், அங்கேயே நின்றுவிடும். அறைச் சூட்டுக்கான அழைப்பு என்றால் அடுத்து பம்ப் ஓடுகிறது. பிறகு விசிறி. பழைய வகையில், விசிறி சுற்றுவதற்கு முன் காற்றழுத்த ஸ்விட்ச் திறந்திருக்க வேண்டும். சுற்றிய பின் மூடியிருக்க வேண்டும். அது முன்கூட்டியே மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் போர்டு விசிறியையே தொடாது. ‘விசிறி வரவில்லை, போர்டு போயிற்று’ என்று மாற்றப்பட்ட பல போர்டுகளின் கதை இதுதான். புதிய வகையில் விசிறியே தன் வேகத்தைத் துடிப்புகளாகத் திருப்பிச் சொல்லும். வேகம் சரி என்றானதும், முந்தைய கேஸ் ஏதும் தங்கியிருந்தால் வெளியேறட்டும் என்று சில விநாடிகள் காற்று ஊதும். அதன் பிறகுதான் பொறியும் கேஸும் ஒன்றாக வரும். குறிப்பிட்ட சில விநாடிகளுக்குள் சுடர் தெரிந்தால் பொறி நின்று எரிப்பு தொடரும். தெரியாவிட்டால் கேஸ் மூடப்படும், மறுபடி முயற்சி, பிறகு பூட்டு.

இப்போது உங்கள் பாய்லரை இந்த வரிசையில் நிறுத்திப் பாருங்கள். விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, பொறி அடிக்கிறது, கேஸ் வருகிறது, நெருப்பும் பற்றுகிறது. அதாவது மின்வழங்கி நலம், மைக்ரோகன்ட்ரோலர் நலம், விசிறிக்கும் வால்வுக்கும் ஆணையிடும் ரிலேக்கள் நலம். ஒரே ஒரு சீட்டுதான் வரவில்லை: ‘சுடர் இருக்கிறது’ என்ற சீட்டு. நெருப்பு எரிவது உங்கள் காதுக்குத் தெரிகிறது, போர்டுக்குத் தெரியவில்லை.

போர்டு நெருப்பைப் ‘பார்க்கும்’ விதம் இந்த இயந்திரத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆகவே கொஞ்சம் நீட்டுவேன். அங்கே கண்ணும் இல்லை, கேமராவும் இல்லை. சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் உலோகக் கம்பி, அவ்வளவுதான். எரியும் கேஸில் மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்திருக்கும்; அதனால் சுடர் மிகச் சிறிய அளவில் மின்சாரத்தைக் கடத்தும். போர்டு அந்தக் கம்பிக்கு மாறுமின்சாரத்தைக் கொடுக்கிறது. கம்பி சிறியது, எதிரே எர்த்துடன் இணைந்திருக்கும் பர்னர், அதாவது கேஸ் எரியும் பாகம், பல மடங்கு பெரியது. இந்த ஏற்றத்தாழ்வால் மின்சாரம் ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் அரிதாகவும் பாய்கிறது. சுடரே ஒரு டையோடு போல நடந்துகொள்கிறது. விளைவாகக் கிடைக்கும் நேர்மின்சாரம் சில மைக்ரோ ஆம்பியர்தான். ஒரு மைக்ரோ ஆம்பியர் என்பது ஆம்பியரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அந்தத் துளியைத்தான் போர்டு சுடருக்குச் சாட்சியாக ஏற்கிறது. ஈரமோ அழுக்கோ கம்பியை எர்த்தோடு இணைத்துவிட்டால் பாய்வது இரு திசையிலும் சமமாகப் பாயும்; அதை நெருப்பு என்று நம்பி ஏமாறக் கூடாது என்பதற்காகவே இந்த ஒருதிசை உபாயம்.

அவ்வளவு மெல்லிய சாட்சி என்பதால் அது கலைந்துபோகவும் வழிகள் பல. கம்பியின்மேல் வெள்ளைப் படலம் படிந்தால் துளி நின்றுவிடும். வீட்டில் பயன்படுத்தும் சில தெளிப்பான்களில் சிலிகோன் இருக்கிறது. அது எரிப்புக் காற்றோடு உள்ளே போனால் கம்பியில் கண்ணாடி போன்ற காப்புப் படலமாக ஒட்டிக்கொள்ளும். கம்பியைத் தாங்கும் பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம். கம்பி வளைந்து சுடருக்கு வெளியே நிற்கலாம். போர்டுக்கு வரும் வயர் சூட்டில் வெந்து உள்ளே அறுந்திருக்கலாம். கேஸ் அழுத்தம் குறைந்து, சுடர் பர்னரை விட்டு எழும்பி ஆடலாம். புகையில் உள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் சூட்டையும் எடுத்துக்கொள்ளும் கண்டென்சிங் பாய்லர் என்றால், அப்படிக் குளிர்ந்து சேரும் நீர் வெளியேறும் குழாய் அடைபட்டு, நீர் எரியறைக்குள் ஏறிச் சுடரைக் குலைக்கலாம். குடத்தில் தண்ணீர் மொள்வது போன்ற குளுக் குளுக் சத்தம் அதற்கு அடையாளம்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் மறக்கப்படுவது எர்த். அந்த மைக்ரோ ஆம்பியர் பர்னரிலிருந்து பாய்லரின் உலோக உடல் வழியாக எர்த் மூலமே போர்டுக்குத் திரும்புகிறது. எர்த் இல்லை, அல்லது துருப்பிடித்துத் தளர்ந்திருக்கிறது என்றால், நெருப்பு எத்தனை அழகாக எரிந்தாலும் போர்டுக்கு அது இருட்டு. அடுத்தது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறுவது. எல்லாப் போர்டுகளும் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சுடர் மின்சாரத்தை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் உள்ள உறவை நம்பி அளக்கும் போர்டுகள் ஏராளம். அவற்றில் பிளக்கைத் திருப்பிச் செருகினாலே, பற்றி நான்கு விநாடியில் அணையும் நாடகம் தொடங்கிவிடும். ஜெனரேட்டர் அல்லது இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் பாய்லர் பூட்டிக்கொள்கிறது என்று புலம்புவோரின் சிக்கலும் பெரும்பாலும் இதே வேர்தான். பல ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்துடன் இணைக்கப்படாமல் மிதக்கிறது. வீட்டு மின்சாரத்தில் குறையில்லாத அதே போர்டு அங்கே குருடாகிவிடும்.

உங்கள் வயரிங் வேலையைப் பற்றிய கடைசி வரி என் கண்ணில் ஏன் குத்தியது என்று இப்போது விளங்கியிருக்கும்.

சரி, போர்டு ஒருபோதும் கெடுவதே இல்லையா? கெடுகிறது, நன்றாகவே கெடுகிறது. பழுதுபார்க்கும் மேசைக்கு வரும் போர்டுகளில் எனக்குப் பழகிய முகங்கள் சில உண்டு.

முதல் எதிரி தண்ணீர். போர்டுக்கு மேலே எங்கோ ஒரு குழாய் இணைப்பு வியர்வை போலக் கசிந்து, வயர் கட்டின் வழியாக இறங்கி, கனெக்டருக்குள் புகுந்திருக்கும். பச்சை பூத்த செம்புத் தடம், வெள்ளை உப்புக் கறை, சில இடங்களில் தடமே அரித்துப்போன இடைவெளி. சுடர் உணரும் பகுதியில் இப்படி ஈரம் படிந்தால் கேஸ் திறப்பதற்கு முன்பே ‘சுடர் தெரிகிறது’ என்று பொய்யாகச் சொல்லிப் பூட்டிக்கொள்ளும் போர்டுகளையும் பார்த்திருக்கிறேன். அதே அறிவிப்பு கேஸ் வால்வு முழுமையாக மூடாததாலும் வரலாம் என்பதால் அதைப் பொய் என்று வெளியே இருந்து தீர்மானிக்கக் கூடாது. இதில் விளையாட்டு வேண்டாம்.

இரண்டாவது, பாகங்களைப் போர்டோடு பற்றவைத்திருக்கும் சால்டர் விட்டுப்போவது. ரிலே, டிரான்ஸ்ஃபார்மர், பெரிய கனெக்டர் போன்ற கனமான பாகங்களின் கால்களைச் சுற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்தால் மோதிரம் போல ஒரு மெல்லிய வளையப் பிளவு தெரியும். பாய்லர் நாளுக்குப் பல முறை சூடாகி ஆறுவதால் விரிந்து சுருங்கி விழுந்த விரிசல் அது. இதன் குணம் தாறுமாறானது: காலையில் ஓடாது, மதியம் ஓடும், மூடியைத் தட்டினால் உயிர் வரும், தொழில்நுட்பர் வந்து நிற்கும்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும். இந்த வகைப் போர்டுகளுக்குப் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தால் போதும். பழையதின் மேலேயே ஒரு சொட்டு வைத்துவிட்டுப் போகிறவர்கள் ஆறு மாதத்தில் மறுபடி அழைக்கப்படுவார்கள்.

மூன்றாவது, எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகள். அவற்றுக்குள் இருப்பது ஈரமான வேதிப்பொருள்; சூடு அதை மெல்ல உலர்த்துகிறது. சூழல் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. பாய்லரின் வயிற்றுக்குள் வாழ்கிற மின்தேக்கிக்கு அது நல்ல செய்தி இல்லை. தலை உப்பியிருந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். உப்பாமலே திறன் இழப்பதும் நிறைய. அதன் அடையாளம்: பல நாள் ஓடிக்கொண்டே இருந்த பாய்லர், ஒரு மின்தடைக்குப் பிறகு குளிர்ந்த நிலையிலிருந்து எழ மறுப்பது, அல்லது ரிலே இழுக்கும் கணத்தில் திரை மங்கி எல்லாம் முதலிலிருந்து தொடங்குவது. குளிரில் உலர்ந்த மின்தேக்கி இன்னும் மோசமாக நடந்துகொள்ளும் என்பதால், ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டியதும் போர்டு எழுந்துகொண்டால் சந்தேகம் உறுதியாகிவிடும். இதை மேசைமேல் வைத்துத்தான் செய்ய வேண்டும், பாய்லருக்குள் அல்ல. மாற்றும்போது 105 டிகிரி தரம் உள்ளதாகவும், மின்னழுத்த அளவு குறையாததாகவும் இருக்கட்டும்.

ரிலேக்களின் கதை சிறியது. டிக் என்ற சத்தம் வருகிறது, பம்புக்கு மின்சாரம் போகவில்லை என்றால் உள்ளே தொடுமுனைகள் கருகியிருக்கின்றன. பம்ப் நிற்கவே இல்லை என்றால் அவை ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் அடுப்பு அணைந்த பிறகும் சில நிமிடம் பம்ப் ஓடுவது பழுது ஆகாது. எஞ்சிய சூட்டை எடுத்துச் செல்ல அது வேண்டுமென்றே ஓடுகிறது. கோடையில் யாரும் தொடாதபோது நாளுக்கு ஒருமுறை சில விநாடி முனகுவதும் அப்படித்தான்; பம்ப் இறுகிவிடாமல் போர்டு அதை அசைத்துவைக்கிறது. ‘பேய் பிடித்த பாய்லர்’ புகார்களில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

மின்னழுத்தம் எகிறியதால் வரும் சாவு பார்த்தவுடன் தெரியும். வேரிஸ்டர் வெடித்துக் கரி அப்பியிருக்கும், ஃபியூஸ் கண்ணாடி கறுத்திருக்கும். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் அறுந்தால் ஒரு ஃபேஸில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம்; இடியும் மின்னலும் இன்னொரு வழி. அதிர்ஷ்டம் இருந்தால் வேரிஸ்டர், ஃபியூஸ் இரண்டோடு முடியும். சிலர் வேரிஸ்டரை வெட்டி எறிந்துவிட்டு ஃபியூஸ் மட்டும் போட்டு ஓட்டிவிடுகிறார்கள். பாய்லர் ஓடும், அடுத்த எகிறலுக்கு முழுப் போர்டும் காணிக்கை. ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றிவைப்பவர்களைப் பற்றி எழுத எனக்குக் கண்ணியமான சொற்கள் கிடைக்கவில்லை.

மனிதக் கையால் நடக்கும் கொலை ஒன்றும் உண்டு. அறைத் தெர்மோஸ்டாட்டுக்கான முனைகள் சில பாய்லர்களில் 230 வோல்ட், சிலவற்றில் குறைந்த மின்னழுத்தம், சிலவற்றில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். பாய்லரும் தெர்மோஸ்டாட்டும் பேசிக்கொள்ளும் ஓப்பன்தெர்ம் போன்ற இருவயர் இணைப்புகள் எல்லாம் குறைந்த மின்னழுத்தத்தில் பேசுபவை. புதிய தெர்மோஸ்டாட் மாட்ட வந்தவர் 230 வோல்ட்டை அந்த முனையில் தொட்டுவிட்டால் மைக்ரோகன்ட்ரோலர் வரை வெந்துவிடும். அதற்கு மருந்து கிடையாது. எனவே தெர்மோஸ்டாட் மாற்றிய அன்றே பாய்லர் செத்தது என்றால் நான் போர்டைத் திறக்கும் முன்பே அந்த முனையைத்தான் பார்ப்பேன்.

இவற்றுக்கு மறுபக்கம், போர்டைப் போல வேடமிடும் வெளிப் பழுதுகள். வெப்ப உணரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பாய்லர்களில் இருப்பது சூடு ஏறினால் மின்தடை குறையும் என்.டி.சி. வகை, 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டுவது மிகப் பரவலான ஒன்று. அந்த வகை 60 டிகிரியில் சுமார் இரண்டரை கிலோ ஓமுக்கும், 80 டிகிரியில் ஒன்றேகால் கிலோ ஓம் பக்கத்துக்கும் இறங்கும். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் ஒரு நிமிட வேலை. அறை வெப்பத்தில் அது 3 கிலோ ஓம் காட்டினால், பாய்லர் குளிர்ந்து கிடக்கும்போதே ‘தண்ணீர் ஐம்பதைத் தாண்டிவிட்டது’ என்று போர்டு நம்புகிறது. போர்டின் மேல் என்ன தவறு? இதே வரிசையில்: இறுகிப்போன பம்ப், விசிறியின் வேகத் துடிப்பு வராத வயர், காற்றழுத்த ஸ்விட்சின் ரப்பர் குழாயில் தேங்கிய ஒரு சொட்டு நீர், தளர்ந்த கனெக்டர். பொறி அடிக்கும்போதெல்லாம் திரை அணைந்து எழுந்தால், உயர் அழுத்த வயரின் காப்புக் கிழிந்தோ எர்த் தளர்ந்தோ பொறியின் இரைச்சல் போர்டுக்குள் நுழைகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பழுதுக் குறியீட்டை நம்பலாமா என்று கேட்பீர்கள். நம்பலாம்; ஆனால் அது எந்தச் சீட்டு வரவில்லை என்பதைத்தான் சொல்லும், யார் தொலைத்தார் என்று சொல்லாது. வைலன்ட் பாய்லரில் ‘எஃப் 28’, பாக்சியில் ‘இ 133’, வூஸ்டர் போஷில் ‘இ ஏ’ என்று வருவதெல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே செய்தி: சுடர் வரவில்லை, அல்லது எனக்குத் தெரியவில்லை. காரணம் மூடிக் கிடக்கும் கேஸ் குழாயாகவும் இருக்கலாம், ஒரு எர்த் திருகாகவும் இருக்கலாம். உங்கள் மாடலின் கையேட்டைப் பாருங்கள். வேறு மாடலின் குறியீட்டு அட்டவணையை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

போர்டுதான் செத்தது என்று உறுதியான பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: அதைக் கொன்றது யார்? பம்புக்குப் போகும் தடம் கருகியிருந்தால் பம்பின் சுருள் ஷார்ட் ஆகியிருக்கிறதா, நீர் இறங்கியிருக்கிறதா என்று அளக்காமல் புதிய போர்டைச் செருகுவது, அதையும் பலி கொடுப்பது. ஒரே வாரத்தில் இரண்டு புதிய போர்டுகள் எரிந்த ஒரு வீட்டுக்கு நான் போயிருந்தேன். குற்றவாளி, விசிறி மோட்டாருக்குப் போகும் வயர். உலோக விளிம்பில் உரசி, தோல் கிழிந்து, விசிறி அதிர்கிறபோது மட்டும் உடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது போர்டை மாட்டியவர் ‘கம்பெனிச் சரக்கு சரியில்லை’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பழுது பார்க்கலாமா, மாற்றலாமா? மின்வழங்கி, பம்ப் ரிலே, கனெக்டர், விட்டுப்போன சால்டர் ஆகியவற்றைக் கைதேர்ந்தவர் சரிசெய்வதில் எனக்கு மறுப்பில்லை. சுடர் உணரும் பகுதியையும் கேஸ் வால்வை இயக்கும் பகுதியையும் மட்டும் தொட வேண்டாம் என்பேன். கேஸ் வால்வின் ஒரு வழி கெட்டாலும் மற்றொன்று மூடும்படி அங்கே இரட்டைப் பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். ஏதோ ஒரு பாகத்தைக் கிடைத்ததை வைத்து மாற்றினால், பாய்லர் நன்றாக ஓடிக்கொண்டே அந்த இரண்டாவது காவல் இல்லாமல் போய்விடலாம். அது வெளியே தெரியவே தெரியாது. அங்கே முழுப் போர்டை மாற்றுவதுதான் சரி.

புதிய போர்டு பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியவுடன் ஓடும் பொருளும் இல்லை. ஒரே போர்டு பல மாடல்களுக்குப் பொதுவாக இருக்கும்; எந்த மாடல், எத்தனை கிலோவாட், குழாய் வழி வரும் இயற்கை எரிவாயுவா சிலிண்டர் கேஸா என்பதை ஜம்பர் என்ற சிறு இணைப்புத் துண்டாலோ, மெனுவில் எண்ணாகவோ, பழைய போர்டிலிருந்து கழற்றி மாற்றும் சிறு சிப்பாலோ சொல்லித்தர வேண்டும். கேஸ் வகை தவறினால் பாய்லர் எரியும், ஆனால் தப்பாக எரியும். அதனால் போர்டு மாற்றிய பிறகு புகையை அளக்கும் கருவியை வைத்துப் பார்க்காமல் கிளம்புகிறவரைக் கிளம்ப விடாதீர்கள். பழைய அமைப்புகளை, போர்டு முழுதாகச் சாவதற்கு முன் திரையில் படித்துக் குறித்துவைத்திருந்தால் பாதி வேலை மிச்சம். ஒன்று விட்டுவிட்டேன்: புதிய போர்டை ஓரங்களில் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள், உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சிப்புகளுக்கு ஆகாது.

உங்கள் வீட்டில் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஓர் எலக்ட்ரீஷியன், கேஸ் பணியாளர் அல்ல. பாய்லருக்கு வரும் இணைப்பில் ஃபேஸ் முனைக்கு ஃபேஸ்தான் வருகிறதா, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே முழு மின்னழுத்தம் இருக்கிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் இருக்கிறதா என்று அளக்கட்டும். அங்கே தவறு இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் கேஸ் பணியாளர் சுடர்க் கம்பியைக் கழற்றி, மெல்லிய இரும்பு நார் கொண்டு துடைத்து, பீங்கானையும் வயரையும் பார்த்துவிட்டு, வயரில் தொடராக மைக்ரோ ஆம்பியர் மீட்டரை இணைத்து ஒருமுறை பற்றவைக்கட்டும். கையேடு சொல்லும் அளவு மின்சாரம் போர்டின் வாசல் வரை வருகிறது, எர்த்தும் சரி, அப்படியும் போர்டு அணைத்துவிடுகிறது என்றால் மட்டும் புதிய போர்டுக்கு ஆர்டர் கொடுங்கள். முதலில் வந்தவர் அந்த மீட்டரைப் பையிலிருந்து எடுத்தாரா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள்.